சூட்டு உடம்பில் பச்சைத் தண்ணீர்

என் ஆசை மாப்ளே,

நீ போன பிறகு உன்னோடு மனதுக்குள் பேசாத நாள் கிடையாது. எழுதியதுதான் இல்லை. இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் பயம். என் பயம் உனக்கு ஒன்றும் புதிதில்லை. பம்ப்செட் கிணற்றில் நீ மேட்டிலிருந்து தலைகீழாகப் பாய்வாய். நான் படியில் இறங்கி முழங்கால் வரை நனைத்துவிட்டுக் குளித்ததாகச் சொல்லிக்கொள்வேன். என் தங்கை மலரை உனக்குக் கட்டிக்கொடுத்த அன்று, "ஒங்க குடும்பத்துக்கு ஒரு தைரியசாலி வேணும்லடா மச்சான், அதான் வந்துட்டேன்" என்று மணமேடையிலேயே என் மானத்தை வாங்கியவன் நீ.

அந்தப் பயமெல்லாம் சிரித்து மறக்கிற பயம். இது அப்படி இல்லை. உன் மகன் அரவிந்துக்கு விசா வந்துவிட்டது. ஓமானில் அதே சோஹாருக்குத்தான் போகிறான். நீ வேலை பார்த்த அதே துறைமுகப் பக்கம், வேறு கம்பெனி. விசா வாங்கிக் கொடுத்தது யார் தெரியுமா? சேகர்.

உன்னோடு ஒரே அறையில் இருந்த சேகர்தான். நீ யார்டில் விழுந்த அன்று உன் தலையை மடியில் வைத்திருந்தவன். "சேகர் அண்ணன் பக்கத்துல இருந்தா எம் புள்ளையப் பத்தி எனக்கு ஒரு கவலையும் இல்ல" என்கிறாள் மலர். நான் பயந்ததே அவன் பக்கத்தில் இருப்பதை நினைத்துத்தான். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

முதலில் என் கதை. ஜெபல் அலி கிடங்கு வேலை முடிந்துபோய் இப்போது நான் ஹத்தா மலைப் பக்கம் ஒரு பண்ணையில் இருக்கிறேன். பேரீச்சை மரமும் ஆடும் பேருக்குத்தான். குளிர்காலத்தில் துபாய்க்காரர்கள் குடும்பத்தோடு வந்து தங்கிப் போவதுதான் இங்கே பிழைப்பு. சுற்றிலும் மொட்டை மலை. டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை வாயைத் திறந்தால் புகை வரும். வளைகுடா என்றால் வெயில் மட்டும்தான் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்களே, அவர்களை ஒருநாள் இங்கே பனியன் மட்டும் போட்டு நிறுத்த வேண்டும்.

இங்கே என் வேலை என்ன என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். மனிதர்களை வேகவைப்பது.

சௌனா என்று பெயர். வெட்டவெளியில் மரப்பலகையால் கட்டிய ஒரு சின்ன அறை. உள்ளே இரும்பு விறகடுப்பு, அடுப்பின் மேல் கருங்கற்கள், எதிரே படிப்படியாக உட்காரப் பலகை. கல் பழுத்ததும் ஆட்கள் உள்ளே போய் உட்கார்ந்து வேர்த்துக் கொட்டுவார்கள். ஒரு அகப்பைத் தண்ணீரைக் கல்லில் ஊற்றினால் ஆவி மூஞ்சியில் அறையும். தாங்க முடியாதபோது வெளியே ஓடி வந்து, பக்கத்தில் இருக்கிற பெரிய மரத்தொட்டிக்குள் இறங்குவார்கள். அதில் நான் ஐஸ்கட்டி கொட்டி வைத்திருப்பேன். இறங்கி, கத்தி, சிரித்து, திரும்ப உள்ளே போவார்கள். இதற்குக் காசு கொடுத்து வருகிறார்கள் மாப்ளே.

இதை நடத்துவது பின்லாந்து நாட்டு மேடம் ஒருத்தர். அவர்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இது உண்டாம். என்னை வேலைக்கு எடுத்ததற்கு ஒரே காரணம், எனக்கு நெருப்பு தெரியும் என்பதுதான். பரமக்குடிப் பக்கம் கரிமூட்டம் போட்டுத் தின்று வளர்ந்த உடம்பு இது. நம்மூர்ச் சீமைக்கருவை இங்கும் வந்து மண்டிக் கிடக்கிறது. அதை வெட்டிக் காயப்போட்டு எரிக்கிறேன். அந்தப் புகை வாசம் வந்தால் மட்டும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். மற்ற நேரமெல்லாம் பயம்தான்.

கதவு சாத்துகிற ஒவ்வொரு முறையும் எனக்கு நீ ஞாபகம் வருவாய். ஜூன் மாத வெயிலில், இரும்புக் குழாய்களுக்கு நடுவே, நிழலுக்கு வழியில்லாமல் வெந்தவன் நீ. இவர்கள் அந்தச் சூட்டை ஆசைப்பட்டுப் போய் அனுபவிக்கிறார்கள். எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு கோபம் போய் நடுக்கம் வந்தது. கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதில் நெற்றியை வைத்துக்கொண்டே நிற்பேன். உள்ளே தலை சாய்ந்தால் தட்டுவேன், கண் மூடினால் தட்டுவேன். "கதிர், அவர்கள் ஓய்வெடுக்கத்தான் வந்திருக்கிறார்கள்" என்று மேடம் சிரிப்பார். சூடாக இருக்கும்போது நான் ஒருநாளும் உள்ளே போனதில்லை. விறகு போடுகிற வாய் வெளிப்பக்கம் இருப்பதால் தப்பித்தேன். ஆறின பிறகுதான் கழுவ நுழைவேன்.

அதைவிடப் பயம் அந்தத் தொட்டி.

சூட்டு உடம்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் ஜன்னி கண்டுவிடும். இதைச் சொல்லாத வீடு நம் பக்கம் உண்டா? வெயிலில் இருந்து வந்தவன் உட்கார்ந்து ஆறின பிறகுதான் கால் கழுவ வேண்டும் என்று உன் மாமியாரும் சொன்னார், என் மாமியாரும் சொன்னார். இங்கே என் கண் முன்னால், கொதிக்கிற உடம்போடு ஐஸ் தண்ணீரில் இறங்குகிறார்கள். முதல் வாரம் முழுக்க யாராவது கைகால் இழுத்துக்கொண்டு விழுவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் விழவில்லை. வெள்ளைக்கார உடம்பு, அதுக்கு ஒத்துக்கொள்கிறது என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மேடம் எங்களுக்குப் பாடம் எடுத்திருந்தார். எனக்கும், தோட்ட வேலை பார்க்கிற பலூச்சி ரஹீம் பாய்க்கும். ஒருத்தர் லேசாக மயங்கினால், பேச்சுத் தெளிவாக இருந்தால், வெளியே கொண்டுவந்து படுக்க வைத்துக் காலை உயர்த்து. உடம்பு கொதித்து, பேச்சும் புத்தியும் தடுமாறினால் அது வேறு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு ஒரு நொடி தாமதிக்காமல் குளிர்ந்த தண்ணீரில் கழுத்து வரை இறக்கு, தலையைப் பிடித்துக்கொள், வண்டி வரும் வரை விடாதே. அந்தக் கடைசிப் பாடத்தை மட்டும் என் மனம் ஏற்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

ஏன் ஏற்கவில்லை என்று சொல்கிறேன். நீ விழுந்த கதையை சேகர் உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொன்னான். உன் உடம்போடு கூடவே விமானத்தில் வந்தவன் அவன்தான். அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது. "ஒடம்பு அனலாக் கொதிச்சுச்சு தங்கச்சி. பேச்சு வேற கொழறுது. 'மோட்டாரப் போடு, மோட்டாரப் போடு'ங்குறாப்ல. ஐஸ் தண்ணி ட்ரம்மு பக்கத்துலதான் இருந்துச்சு. ஒரு பெங்காலி அதத் தூக்கி அப்படியே மேல ஊத்த வந்தான். நான்தான் குறுக்க விழுந்து தடுத்தேன். சூட்டு ஒடம்பு, ஜன்னி கண்டுரும்லன்னு துண்ட நனைச்சுத் தொடச்சுக்கிட்டே இருந்தேன், வண்டி வர்ற வரைக்கும்."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். மலர் எழுந்து வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து லீவு முடிந்து ஓமானுக்குப் போகிற ஒவ்வொருவரிடமும் சேகருக்கென்று ஒரு பொட்டலம் கொடுத்துவிடுகிறாள். முறுக்கு, அதிரசம், சில சமயம் கருவாடு. கடைசி நிமிடம் வரை என் புருஷனை யாரோ பார்த்துக்கொண்டார்கள் என்பதுதான் அவளுக்கு மிச்சமிருக்கிற ஒரே ஆறுதல்.

இப்போது போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை. துபாயில் இருக்கிற ஈரோட்டுக் குடும்பம் ஒன்று வந்து தங்கியிருந்தது. கணவன், மனைவி. அவர் பெரிய கம்பெனியில் இன்ஜினியர், நல்ல ஆகிருதி, ஐம்பதுக்கு மேல் இருக்கும். தமிழ் ஆள் என்று தெரிந்ததும் என்னிடம் அவ்வளவு பிரியம். சௌனா கதவருகே அவர் வந்தபோதே நல்லெண்ணெய் வாசம் தூக்கியது. பார்த்தால் தலை முதல் கால் வரை எண்ணெய் பளபளக்கிறது.

"சார், எண்ணெயோட உள்ள போகக் கூடாது சார். பலகை வழுக்கும். கழுவிட்டு வாங்க" என்றேன்.

"ஏனுங்க தம்பி, சனிக்கிழமை எண்ணெய் தேச்சுட்டு இப்படி ஒரு சூடு கெடைக்கறதுக்குக் குடுத்து வச்சிருக்கோணுமுங்க. ஊறி வேர்த்தா ஒடம்புல இருக்கற உஷ்ணமெல்லாம் எறங்கீருமுங்க. உங்க மேடத்துக்கு இது தெரியாது" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

விருந்தாளியைப் பிடித்து இழுக்கவா முடியும்? கண்ணாடியில் நெற்றியை வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டி, வெளியே வந்து தொட்டியில் இறங்கச் சொன்னேன். எண்ணெய் தேய்த்த அன்று பச்சைத் தண்ணீரில் கால் வைப்பதாவது என்றார். குடிக்கவாவது செய்யுங்கள் என்று பாட்டிலை நீட்டினேன். அதுவும் வேண்டாம், பிறகு வெந்நீர் குடித்துக்கொள்கிறேன் என்றார். அந்த அம்மாவும், "அவரு அப்படித்தானுங்க, எண்ணெய்க் குளியலன்னைக்கு ஒரு சொட்டுப் பச்சத்தண்ணி தொட மாட்டாரு" என்று பெருமையாகவே சொன்னார். சௌனாவுக்கு உள்ள வழிமுறையே சூடு, பிறகு குளிர்ச்சி, நடுவில் நிறையத் தண்ணீர். இவர் சூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார். எனக்கு உள்ளூரப் படபடப்புதான். ஆனாலும் அவர் சொன்னது எனக்குச் சரி என்றும் பட்டது. நானும் அதே சோற்றைத் தின்று வளர்ந்தவன்தானே?

மறுபடி உள்ளே போனார். விறகைக் குறைத்துவிட்டு ஒரு நடை போய்த் துண்டு எடுத்து வந்தேன். கண்ணாடியில் பார்த்தால் மேல் பலகையில் உட்கார்ந்தபடி சுவரோடு சாய்ந்து கையைக் காற்றில் அசைத்துக்கொண்டிருக்கிறார். யாரையோ கூப்பிடுகிற மாதிரி. தட்டினேன். என் பக்கம் திரும்பினார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்தேன்.

"மாட்டை யாருடா அவுத்து உட்டது? சோளக் காட்டுக்குள்ள போகுது பாரு, புடிங்கடா" என்றார்.

மாப்ளே, அந்த நிமிடம் மோட்டாரைப் போடு என்று நீ சொன்னது என் காதில் கேட்டது. எதிரே அனல். போகவும் முடியவில்லை, விட்டு ஓடவும் முடியவில்லை. "ரஹீம் பாய், ஜல்தி ஆவ்" என்று கத்தினேன். என் குரலே எனக்கு யாரோ மாதிரி இருந்தது. பிறகு எப்படி உள்ளே போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அனல் கண்ணை எரித்தது, காது மடல் சுட்டது. அவரைத் தொட்டால் பிடி நிற்கவில்லை, எண்ணெய் வழுக்குகிறது. துண்டைக் கக்கத்தில் கொடுத்துச் சுற்றி இழுத்தேன். ரஹீம் பாய் வந்து காலைப் பிடித்தார். இருவருமாக வெளியே கொண்டுவந்தோம்.

உடம்பு கொதிக்கிறது. பேச்சு மாட்டை விட்டு வேறெங்கோ போய்விட்டது. ரஹீம் பாய் ஒரு கையில் போனை எடுத்து ஆம்புலன்ஸுக்குச் சொல்லிக்கொண்டே கண்ணால் தொட்டியைக் காட்டினார். அதற்குள் அந்த அம்மா ஓடி வந்துவிட்டார்.

"தண்ணியில போட்ராதீங்க. ஐயோ, எண்ணெய் தேச்ச ஒடம்புங்க. ஜன்னி கண்டுக்கும். ஈரத் துணியில தொடைங்க தம்பி, நீங்களும் தமிழாளுதானே, உங்களுக்குத் தெரியாதுங்களா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்.

தெரியும். எனக்கு அது மட்டும்தான் தெரியும். மேடம் சொன்னது காதில் விழுந்த பாடம். இது ரத்தத்தில் ஊறினது. தண்ணீரில் இறக்கி அவர் செத்தால், மனைவி வேண்டாம் என்று கதறியும் கேட்காமல் கொன்றவன் நான். போலீஸ், ஜெயில், என் பெண்டாட்டி பிள்ளைகள், எல்லாம் ஒரே நேரத்தில் மண்டைக்குள் ஓடியது. துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லப் போவதில்லை. உண்மையைச் சொல்கிறேன், துண்டை நனைக்கத்தான் என் கை முதலில் போனது.

அப்போது அவர் மெதுவாக, சின்னப் பிள்ளை மாதிரி, "காயுது" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

தூக்கிவிட்டோம். தொட்டி உயரம் என்பதால் அவரைத் தனியாக விட முடியாது. நானும் உடுப்போடு உள்ளே இறங்கினேன். அந்த அனலில் இருந்து வந்த என் உடம்போடு, ஐஸ் மிதக்கிற தண்ணீரில், கழுத்து வரைக்கும். மூச்சே நின்றுபோனது. எலும்பில் ஊசி இறங்குகிற மாதிரி இருந்தது. இதோ ஜன்னி வரப்போகிறது, இருவரும் போகப்போகிறோம் என்றே நினைத்தேன். அவர் தலையை என் தோளில் சாய்த்து இரண்டு கையாலும் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். என் பல் அடித்துக்கொள்கிற சத்தம் அவர் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டிருக்கும்.

மேடம் ஓடி வந்தார். பார்த்தார். "விடாதே, அப்படியே பிடி" என்றார். அந்த அம்மா தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அவர் கண்ணில் மெல்ல ஆள் திரும்பி வந்தது. என்னைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, எண்ணெயோட தண்ணிக்குள்ள போட்டுட்டீங்களே" என்றார்.

ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. இரண்டொரு நாளில் நடமாடிவிட்டார். அந்த அம்மா ஒரு டப்பா மைசூர்பாகோடு பண்ணைக்கே வந்து என் காலில் விழப் போனார். தடுத்துவிட்டேன். "ஒடனே தண்ணிக்குள்ள எறக்குனதுலதான் பொழச்சாருன்னு டாக்டரு சொன்னாருங்க. நாந்தான் வேண்டாம்னு சொன்னேன் தம்பி, எம் பேச்சக் கேட்டிருந்தா" என்று பாதியில் விட்டு, டப்பாவை என் கையில் திணித்தார். மேடம் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். ரஹீம் பாய் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

நான் மைசூர்பாகைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தொண்டைக்குள் இறங்கவில்லை. அவர் செத்திருந்தால் எனக்கு ஜெயில் பயம் மட்டும்தான் இருந்திருக்கும். அவர் பிழைத்ததில்தான் இந்தப் பெரிய பயம் வந்து உட்கார்ந்தது. உன் பக்கத்திலேயே ட்ரம் இருந்ததே மாப்ளே. அதைத் தூக்கிக்கொண்டு ஒருத்தன் வந்தானே. அப்படியானால் நீ?

இதற்கு மேல் அந்தக் கேள்வியை என்னால் எழுத முடியவில்லை.

மலரிடம் போன் பேசும்போதெல்லாம் நாக்கு நுனி வரை வரும். அவளோ மகனைக் கிளப்புகிற சந்தோஷத்திலும் அழுகையிலும் இருக்கிறாள். போன வாரம் பேசும்போது பின்னால் அரவிந்தின் சத்தம் கேட்டது. அவனுக்கு அவள் புத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். "வெயில்ல நின்னுட்டு வந்து பச்சத் தண்ணிய மேல ஊத்திக்கிறாத தம்பி. யாராச்சும் ஊத்த வந்தாலும் விடாத. ஒங்கப்பாவுக்கு அன்னைக்கு சேகர் மாமாதான் தடுத்தாரு." அவன் "சரிம்மா" என்கிறான். இந்தப் புத்திமதியைக் காதில் வாங்கிக்கொண்டுதான் ஜூன் மாதத்தில் அப்படிக் கொதிக்கிற சோஹாருக்கு உன் மகன் போகிறான். யாரை நம்பிப் போகிறானோ அவனும் இதையே நம்புகிறவன்.

வெள்ளிக்கிழமை மதியம், சேகர் அறையில் இருக்கிற நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். மலரிடம் சொல்வதற்கு முன்னால் அவனிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எப்படிச் சொல்வது? உன் அன்பான கைதான் என் மாப்பிள்ளையைக் கொன்றது என்றா? ஈரோட்டுக்காரர் கதையை மட்டும் சொன்னேன். எண்ணெய், அனல், மாடு, தொட்டி, எல்லாம்.

"எனக்குத் தெரியும்ணே" என்றான் சேகர்.

என்ன தெரியும் என்றேன்.

"இங்க கம்பெனில சேஃப்டி க்ளாஸ் எடுத்தாங்கண்ணே. ஒரு ஆளப் படுக்க வச்சு, இப்படிக் கெடந்தா என்ன செய்யணும்னு ட்ரம்மத் தூக்கி ஊத்திக் காமிச்சாங்க. எல்லாரும் சிரிச்சுக்கிட்டுப் பாத்தாய்ங்க. நான் எந்திரிச்சு வெளிய போயி வாந்தி எடுத்தேன். அன்னைலருந்து தங்கச்சி குடுத்துவிடுற முறுக்க நான் வாயில வச்சதில்லண்ணே. வாங்கி மத்தவய்ங்களுக்குக் குடுத்துருவேன்."

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"பயம்ணே. தங்கச்சி என்னய ஒரு நாளும் கோவமாப் பாத்ததில்ல. அது பாக்கத்தான் போகுதுன்னு தெரியும். இன்னைக்கி வேணாம், நாளைக்கின்னு தள்ளிக்கிட்டே வந்துட்டேன்." மூக்கை உறிஞ்சினான். "போன வெயிலுக்கு ஒரு நேபாளி விழுந்தான்ணே. நான்தான் ட்ரம்மத் தூக்கி ஊத்துனேன். பொழச்சுக்கிட்டான். எல்லாரும் என்னயத் தோள்ல தூக்குறாய்ங்க. எனக்கு அங்கனயே செத்துறலாமான்னு இருந்துச்சு."

நானும் அழுதேன் மாப்ளே. மைசூர்பாகு ஏன் இறங்கவில்லை என்று இந்த உலகத்தில் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆளிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அவன்மேல் கோபப்பட எவ்வளவோ முயன்று பார்த்தேன். வரவில்லை. நீயாக இருந்தாலும் உனக்கு வந்திருக்காது. அவனைத் தெரியுமே உனக்கு.

"அரவிந்துக்கு விசா எடுத்தது அதுக்குத்தான்ணே" என்றான். "எப்படியும் அவன் கல்ஃபுக்கு வரத்தான் போறான். எங்கயோ கண்ணுக்குத் தெரியாத எடத்துல நிக்கிறதுக்கு, எம் பக்கத்துல நிக்கட்டும். நான் ஊத்துவேண்ணே. யாரு தடுத்தாலும் ஊத்துவேன்."

பிறகு ஒன்று கேட்டான். அதை அவன் இத்தனை காலம் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான். "மோட்டாரப் போடு மோட்டாரப் போடுன்னு சொன்னாப்லல்ல. வெயில்ல புத்தி பெரண்டு வயக்காட்டு நெனப்புல பெனாத்துறாப்லன்னுதான நானு நெனச்சேன். தண்ணி கேட்டுருக்காப்லண்ணே. நம்ம பம்ப்செட்டுல மோட்டாரப் போட்டா என்ன வரும்? தண்ணிதானண்ணே வரும்."

அப்படியா மாப்ளே? கேட்டாயா? இல்லை, வெறும் பினாத்தல்தானா? ஈரோட்டுக்காரரின் மாடு எதையும் கேட்கவில்லை. பிறகுதான் "காயுது" என்றார். நீயும் அப்படி ஏதாவது சொல்லி, சேகர் காதில் விழாமல் போனதா? இனி யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன்?

மலரிடம் சொல்லத்தான் போகிறேன். போனில் சொல்ல மாட்டேன். அரவிந்த் கிளம்புவதற்கு முன் ஊருக்கு வர சேகரும் நானும் லீவு போட்டிருக்கிறோம். மேடம் சரி என்றுவிட்டார். இருவரும் சேர்ந்து உன் வீட்டுக் கூடத்தில், அன்று உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்து சொல்வோம். முதலில் நான் பேசுகிறேன், நீ சும்மா பக்கத்தில் இரு என்று சேகரிடம் சொல்லியிருக்கிறேன். அவள் என்ன செய்வாள்? அவன் கையை உதறுவாளா? என்னையும் சேர்த்து வெளியே போகச் சொல்வாளா? மகனை அனுப்பவே மாட்டேன் என்பாளா? உன் கடைசி நிமிடத்தை அவள் திரும்ப முதலிலிருந்து வாழ வேண்டுமே. அதை நினைத்தால் இந்தக் குளிரிலும் எனக்கு வேர்க்கிறது. சொல்லாமல் விட்டால் அவள் நிம்மதி அப்படியே இருக்கும், அவள் சொன்ன புத்திமதியும் அரவிந்த் காதில் அப்படியே இருக்கும். இரண்டில் எதற்கு அதிகம் பயப்பட வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெளிவாகிவிட்டது.

இன்று காலை விருந்தாளிகள் எழுந்திருக்கும் முன் அடுப்பை மூட்டினேன். கல் பழுத்ததும் கதவைத் திறந்துகொண்டு நானே உள்ளே போய் உட்கார்ந்தேன். வேர்த்து ஒழுகியதும் எழுந்து வெளியே வந்து தொட்டியில் இறங்கினேன். நீ இருந்தால், முழங்காலோடு ஏறிவிடுவான் பாரு என்று சிரித்திருப்பாய். முழுகினேன். எழுந்து மூச்சு வாங்கியபோது மலைக்கு மேல் வெயில் வந்திருந்தது. பயம் போகவில்லை. ஆனால் மலரிடம், "நான் இறங்கிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று என் வாயால் சொல்ல வேண்டுமே. அதற்காகத்தான்.

அரவிந்த் விழக் கூடாது. விழுந்தால், அவன் வாயில் மாடு வந்தாலும் மோட்டார் வந்தாலும், யார் குறுக்கே விழுந்து அழுதாலும், முதலில் தண்ணீர்தான். சேகர் இல்லாவிட்டால் இன்னொருத்தன் ஊற்றுவான். லீவு முடிந்து வரும்போது, அரவிந்த் தங்குகிற கேம்பில் அறை அறையாகப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் நான் திரும்புவேன். இது உன்மேல் ஆணை.

மோட்டாரைப் போட்டாயிற்று மாப்ளே. தண்ணீர்தான் உனக்கு வந்து சேராமல் போய்விட்டது.

முழங்கால் மச்சான்,
உன் மலருக்கு அண்ணன், உன் மகனுக்குத் தாய்மாமன்
கதிரேசன்